ஞாயிற்றுக்கிழமை வகுப்பு: சேலத்தில் பெரியவர்களுக்கான ஒருநாள் பாடங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்காக ஒருநாள் வகுப்பு நடத்துகிறோம். ஒரு மாதம் வரலாறு, ஒரு மாதம் இலக்கியம், ஒரு மாதம் ஓவியம், இடையில் சினிமா. போனில் திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. அவசரத்தில் இருப்பவர்கள் தங்கள் கேள்வியை மட்டும் தேடிப் படித்துக்கொள்ளலாம்.

நடத்துவது யார்? ஏதாவது அமைப்பா, கட்சியா?

இரண்டும் இல்லை. நாங்கள் ஐந்து பேர். ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். ஒருவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓவிய ஆசிரியை ஒருவர், பழைய சினிமாப் பைத்தியம் ஒருவர், அப்புறம் நான். நான் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிப்பது தொழில். வகுப்பில் எனக்கு நாற்காலி போடுவதும், டீ சொல்வதும், இப்படி எதையாவது எழுதுவதும் வேலை.

இது "முதியோர் கல்வி"தானே? கையெழுத்துப் போடச் சொல்லித் தருவீர்களா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. தப்பு கேட்பவர்கள் மேல் இல்லை, அந்தச் சொல்லின் மேல்தான். முதியோர் கல்வி என்றதும் நம் ஊரில் அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, இரவுப் பள்ளி, தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் எல்லாம் கண் முன் வந்து நிற்கும். அதெல்லாம் பெரிய வேலை, நாங்கள் செய்வது அது இல்லை. பள்ளி, கல்லூரி, வேலை, கல்யாணம் என்று ஓடி முடித்தவர்களுக்கு "இந்தக் கோயிலை எத்தனை தடவை பார்த்திருப்போம், ஆனால் பார்த்தோமா?" என்று ஒரு கேள்வி வரும் இல்லையா? அந்தக் கேள்வி வந்தவர்களுக்கான வகுப்பு இது. பதினெட்டு வயது முடிந்திருந்தால் போதும், முதியோராக இருக்க வேண்டியதில்லை.

எழுதப் படிக்க அவ்வளவாக வராது என்பவர்களும் வரலாம், வந்திருக்கிறார்கள். பாட்டை வாய்விட்டுத்தான் படிக்கிறோம். காதில் வாங்கினால் போதும்.

ஒரே நாளில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய பதில் இது. தமிழ்நாட்டுக் கோயில் கலையை ஒரே நாளில் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு கோயிலைக்கூட முடியாது. ஆனால் ஒரு தூணைத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் வகுப்பின் கணக்கே அதுதான்: ஒரு நாளைக்கு ஒரு பொருள்.

தாரமங்கலம் வகுப்பைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயில், மேற்குப் பார்த்த வாசல். சேலத்துக்காரர்கள் கல்யாணம் காதுகுத்து என்று ஏதோ ஒரு சாக்கில் எப்படியும் ஒருமுறை போயிருப்பார்கள். போனவர்களுக்கு நினைவில் இருப்பது யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தும் கல் சங்கிலியும்தான். நாங்கள் அவற்றுக்குப் போவதில்லை. நேராக வாலி வதைத் தூணுக்குப் போகிறோம். ஒரு தூணில் ராமன் வில்லை வளைத்து நிற்கிறான். இன்னொரு தூணில் வாலி. ராமன் பக்கம் நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி இருக்கும் இடத்தில் போய் நின்றால் ராமன் தெரிவதில்லை. இதை யாராவது சொல்லிக் கேட்டால் "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொருவராக இரண்டு இடத்திலும் நின்று பார்க்கும்போது நடப்பதே வேறு. ஒரு பெரியம்மா வாலி பக்கம் நின்றுகொண்டு, "எங்கிருந்து அடிச்சான்னே தெரியலையே, பாவம்" என்றார். சிற்பி நினைத்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு மண்டபத்தில் உட்கார்ந்து கம்பனில் வாலி வதைப் படலம். வாலி மார்பில் பாய்ந்த அம்பைப் பற்றி இழுத்து அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். பெயரைப் படித்த பிறகுதான் அடித்தவன் யாரென்று அவனுக்குத் தெரிகிறது. தூணில் பார்த்த அதே சங்கதி! அப்புறம் கேள்விகளாக அடுக்குகிறான். கடைசியில் "ஏன் ஒளிந்து நின்று எய்தாய்?" என்ற கேள்வி வரும்போது பதில் சொல்வது ராமன் இல்லை, இலக்குவன். உன் தம்பி முன்பே வந்து அடைக்கலம் புகுந்துவிட்டான், நீயும் எதிரில் வந்தால் அடைக்கலம் கேட்டுவிடுவாய், அதனால்தான் என்கிறான். இந்தப் பதில் போதுமா போதாதா என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். ஒருமுறை வேனில் திரும்பி வரும்போதும் தீரவில்லை. ஓமலூரில் டீக்கு இறங்கியபோது டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

ஒரு நாளில் கிடைப்பது இவ்வளவுதான். இதுவே எனக்கு நிறைய.

உங்கள் கோயில் வகுப்பு ஒன்று சொதப்பியதாகக் கேள்விப்பட்டேனே?

உண்மைதான். முதல் முறை தாரமங்கலம் போனபோது ஆள் சேர்த்து, டிபன் முடித்து, சாவகாசமாகக் கிளம்பினோம். போய்ச் சேர்வதற்கும் மதியம் நடை சாத்துவதற்கும் சரியாக இருந்தது. சாயங்காலம் வரை கதவு திறக்காது. இருபத்துச் சொச்சம் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கோயிலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து பாட்டை முதலில் படித்தோம், நடை திறந்ததும் தூணைப் பார்த்தோம். இப்போது காலை ஏழு மணிக்கே வேன் கிளம்பிவிடும். ஏழு என்றால் ஏழு.

சங்கப் பாட்டெல்லாம் எனக்குப் புரியுமா? பத்தாவதோடு தமிழை விட்டவன்.

புரியும். ஒரு நாளைக்கு ஆறே வரி என்றால் புரியாமல் போகுமா?

புறநானூற்றின் 232ஆம் பாட்டு ஆறு வரிதான். பாடியவர் ஔவையார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு பாடியது. தகடூர் என்பது நம் தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டம்தான், அதனால் அஞ்சியை நம்ம ஊர்க்காரர் என்று சொந்தம் கொண்டாடுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. பாட்டில் நடப்பது இது: அஞ்சிக்கு நடுகல் நட்டுவிட்டார்கள். கல்லுக்கு மயில் பீலி சூட்டி, நாரால் வடிகட்டிய கள்ளை ஒரு சின்னக் கலத்தில் ஊற்றிப் படைக்கிறார்கள். ஔவைக்குத் தாங்கவில்லை. உயர்ந்த மலைகளோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார். காலையும் மாலையும் இனி இல்லாமலே போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்றுதான் பாட்டே ஆரம்பிக்கிறது.

"சிறுகலம்" என்ற சொல்லில் மட்டும் அரை மணி நேரம் நின்றிருக்கிறோம். துக்க வீட்டில் செத்தவருக்குப் பிடித்த காபியை டம்ளரில் ஊற்றிப் படத்தின் முன் வைக்கிறோமே, அதேதான். இதைச் சொன்னது வாத்தியார் இல்லை, மூன்றாவது வரிசையில் இருந்த மளிகைக்கடைக்காரர். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதியமான் வெறும் பாட்டில் வருகிற ஆள் இல்லை என்பதற்கும் கல்லில் சாட்சி இருக்கிறது. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் 1981இல் கண்டறிந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது குகைப் படுக்கை, என்று சொல்கிறது. அதிலே அவனுக்கு "ஸதியபுதோ" என்ற அடைமொழி. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் "சத்தியபுத்திரர்" யார் என்று பல காலம் அடித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த ஒரு வரியில் விடை கிடைத்தது. பாட்டை முடித்துவிட்டு இந்தக் கல்வெட்டின் படத்தைக் காட்டுவோம். முதலில் காட்டினால் எடுபடுவதில்லை, பண்ணிப் பார்த்துவிட்டோம்.

ஔவையார் என்றால் ஆத்திசூடி பாடிய பாட்டிதானே?

இல்லை. ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்திருக்கிறார்கள். அஞ்சியிடம் நெல்லிக்கனி வாங்கியவர் சங்க காலத்தவர், ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். கையில் கோலோடு நரைத்த தலைப் பாட்டி என்ற உருவம் நம் மனதில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. புறநானூற்று ஔவையைப் படித்தால், தொண்டைமானிடம் தூது போய் அவன் ஆயுதச் சாலையைப் பார்த்துப் புகழ்கிற மாதிரியே குத்திக்காட்டிவிட்டு வருகிற ஆளைப் பார்ப்பீர்கள். உன் ஆயுதமெல்லாம் நெய் பூசி, பீலி சூடி, மாலை போட்டு அழகாக இருக்கின்றன, எங்கள் அஞ்சியின் ஆயுதங்களோ குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். இதற்குத் தனியாக ஒரு வகுப்பு உண்டு.

பழைய பத்திரம் படிக்கும் வகுப்பு என்றால் என்ன?

எங்களிடம் அதிகக் கூட்டம் சேருவது இதற்குத்தான். வீட்டில் பீரோவின் அடியில், துணிப்பையில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருக்கும். யாருக்கும் படிக்கத் தெரியாது. அதைக் கொண்டு வாருங்கள். தாலுகா ஆபீஸ் அண்ணன் உட்கார்ந்து படிக்கச் சொல்லித் தருவார். அவரே படித்துச் சொல்லிவிட மாட்டார், உங்களைத்தான் படிக்க வைப்பார்.

காலையில் எண்கள். பழைய தமிழ் எண் எழுத்து மாதிரியே இருக்கும். ஒன்று "க", இரண்டு "உ", ஐந்து "ரு", ஏழு "எ", எட்டு "அ", பத்து "ய". ஒருமுறை கொண்டலாம்பட்டியிலிருந்து வந்த அக்கா ஒருவர், "எங்க பத்திரத்துல நிலத்துக்கு முன்னாடி 'உயரு'ன்னு போட்டிருக்கு, மேட்டு நிலமா இருக்குமோ?" என்று கேட்டார். உ, ய, ரு. இரண்டு, பத்து, ஐந்து. இரண்டு பத்தும் ஐந்தும் இருபத்தைந்து. நாற்பது வருடமாக அந்தக் குடும்பம் அதை மேடு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதன் பிறகு பின்னங்கள். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. நம் தாத்தாக்கள் இந்தப் பின்னங்களை வாய்ப்பாடாகச் சொன்னவர்கள். அப்புறம் பசலி, அதாவது வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கு. பத்திரத்தில் "பசலி 1320" என்று இருந்தால் அதோடு 590 கூட்டுங்கள், 1910 வரும். பசலி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கும், ஆகவே 1910 ஜூலையிலிருந்து 1911 ஜூன் வரை. வருவாய்த்துறையில் இன்றும் இந்தக் கணக்கு செத்துப்போகவில்லை. "ஷை", "ஷையார்" என்று வந்தால் மேற்படி, மேற்படியார். இது தெரியாமல் ஷை என்பவர் யாரோ பங்காளி என்று நினைத்துத் தேடியவர்களும் உண்டு.

மத்தியானம் அவரவர் பத்திரம். "சேலம் ஜில்லா, தருமபுரி தாலுகா" என்ற முதல் வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொத்துத் தகராறுக்கு இங்கே ஆலோசனை கிடையாது. பங்காளிகள் இருவர் ஒரே வகுப்புக்கு ஒரே பத்திரத்தின் இரண்டு ஜெராக்ஸோடு வந்த கதையெல்லாம் நடந்திருக்கிறது. அதற்கு வக்கீல் இருக்கிறார்.

வட்டெழுத்தும் சொல்லித் தருகிறீர்களாமே? கஷ்டமா?

பழைய கல்வெட்டுகளில் வரும் தமிழ் எழுத்து வடிவம் அது. எழுத்து கஷ்டமில்லை, புள்ளி இல்லாததுதான் கஷ்டம். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எ ஏ வேறுபாடும் ஒ ஓ வேறுபாடும் இருக்காது. "கல்" என்பது "கல" என்றுதான் நிற்கும். இடம் பார்த்து நாம்தான் படிக்க வேண்டும். இதைப் பழக முதலில் உங்கள் பெயரைப் புள்ளியில்லாமல் எழுதச் சொல்வோம். பக்கத்திலிருப்பவர் அதைப் படிக்க வேண்டும். சிரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆகும்.

தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் வட்டெழுத்தில் பொறித்தவை நிறைய. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவன் என்று சாதாரண ஆட்களின் பெயர்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். கல்லின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்ப்பது எதுவும் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வகுப்பில் ஸ்டூடியோவைப் பார்க்கலாமா?

ஸ்டூடியோ இப்போது இல்லை. ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு இருக்கிறது, அதைப் பார்க்கலாம். காலை ஆறரைக்கு அங்கே கூடி, வளைவின் முன் நின்று பேசிவிட்டு, பிறகு ஹாலுக்கு வந்து படக்காட்சிகள் பார்ப்போம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் முப்பதுகளின் நடுவில் தொடங்கிய ஸ்டூடியோ. நூறு படங்களுக்கு மேல் எடுத்தவர்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938இல் வந்தது, அதை எடுத்தது இந்தச் சேலத்துக் கம்பெனி. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956இல் வந்தது, அதுவும் இவர்கள் படம்தான். 1950இல் வந்த "மந்திரி குமாரி"க்கு வசனம் மு. கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர்., இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாத அமெரிக்கர், அடுக்கு மொழி வசனம், பின்னாளில் முதலமைச்சர்களான இரண்டு பேர், எல்லாம் ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் ஒரே காம்பவுண்டுக்குள். யோசித்துப் பாருங்கள்.

இந்த வகுப்பில் பாதி நேரம் வாத்தியாருக்கு வேலையே இருக்காது. வருகிறவர்களில் ஒருவராவது "எங்கப்பா அங்க கார்பென்டரா இருந்தார்", "எங்க சித்தப்பா கூட்டத்துல நின்னிருக்கார்" என்று ஆரம்பிப்பார். செட் போட்ட தச்சர், துணி தைத்தவர், குதிரை பார்த்துக்கொண்டவர் என்று அந்தக் காலத்துச் சேலத்தில் பல வீட்டுக்குச் சினிமா என்பது சம்பளம் தந்த தொழிற்சாலை. அந்தப் பக்கம் எந்தப் புத்தகத்திலும் சரியாக வரவில்லை என்பது என் குறை. அதனால் பேசுவதைப் பதிவு செய்துகொள்கிறோம். வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிடலாம்.

வரலாறு என்றால் அரசியல் வருமா?

சேலத்தில் வராமல் எப்படி இருக்கும்? 1882 கலவர வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் வென்று, "சேலத்து வீரர்" என்று பெயரெடுத்த சி. விஜயராகவாச்சாரியார்தான் 1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர். 1917இல் சேலம் நகராட்சித் தலைவராக உட்கார்ந்த வக்கீல் ராஜாஜி, 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவிதான்) மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 1944 ஆகஸ்டில் இதே ஊரில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. மூன்றும் மூன்று திசை. இவற்றைப் பற்றி வகுப்பில் சண்டை வரலாம், வந்தும் இருக்கிறது. இப்போதைய தேர்தலைப் பற்றி மட்டும் பேச்சு வேண்டாம் என்பது ஒரே விதி.

ஏற்காடு வகுப்பு எப்போது? சுற்றுலா மாதிரியா?

சுற்றுலா இல்லை. படகுத்துறைக்கும் லேடீஸ் சீட்டுக்கும் நேரம் கிடையாது. மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் கண்டிப்பாகப் போவதில்லை, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கும். ஜனவரி, பிப்ரவரி சரியான காலம்.

காலையில் ஓவியம். ஆசிரியை ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தைப் பிரித்துக் கொடுப்பார். காபித் தோட்டத்தின் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. பென்சில் மட்டும்தான். ஒருமுறை ஆசைப்பட்டு நவம்பரில் வாட்டர் கலர் எடுத்துக்கொண்டு போனோம். மூடுபனியில் தாள் காயவே இல்லை. வானமும் மலையும் ஒன்றாக வழிந்து, எல்லோரும் ஒரே படத்தை வரைந்திருந்தோம். அன்றிலிருந்து பென்சில்.

மத்தியானம் கல். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகை, அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது, அதனால் பாறைக்கு அவர் பெயர். இந்த மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னால். பிறகு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நடப்போம். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கையில் எடுத்து, இது மனிதன் செதுக்கியது என்று கண்டு சொன்னவர். இந்தியாவின் வரலாற்றுக்கு முந்திய காலம் பற்றிய ஆய்வு அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில் வந்து குடியிருந்தார். பூவோ மாலையோ வேண்டாம், பேசாமல் ஐந்து நிமிடம் நிற்போம். ஒரு பையன் கீழே கிடந்த கூழாங்கல்லை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது சும்மா கல்லுதான்" என்றான். சரியான பாடம் கற்றுக்கொண்டவன் அவன்தான்.

மலைமேல் இருக்கும் மலையாளிகள் கேரளாவிலிருந்து வந்தவர்களா?

இல்லை. மலையை ஆள்கிற மக்கள் என்பதால் மலையாளி. தமிழ் பேசுபவர்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுடைய கதைகள் சொல்லும். சேர்வராயன் குகைக் கோயில் அவர்களுடையது. அங்கே போகும்போது சும்மா போட்டோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கட்டணம் எவ்வளவு? சாப்பாடு உண்டா?

ஊருக்குள் நடக்கும் வகுப்புக்கு 300 ரூபாய். தாரமங்கலம், ஏற்காடு என்றால் வேன் செலவு சேர்ந்து 600. முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன். மதியம் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு பொரியல். நாலு மணிக்குத் தட்டுவடை செட். காரட், பீட்ரூட் துருவல் வைத்து அப்போதே போட்டுத் தருவார்கள், பார்சல் வாங்கி வைத்தால் நமத்துப்போகும் என்பதால் எல்லோரும் கடைக்கே நடந்து போகிறோம். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் அந்தக் கடை வாசலில்தான் பேசுகிறார்கள்.

சான்றிதழ் தருவீர்களா?

மாட்டோம். அச்சகக்காரனிடம் சான்றிதழுக்கா பஞ்சம், ஆயிரம் அடித்துத் தர முடியும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு உதவுமா?

அதற்காக வராதீர்கள். ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தால் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று தேறலாம்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா? முழங்கால் வலி இருக்கிறது, வரலாமா?

விட்டுவிட்டு வர வழியில்லை என்றால் குழந்தைகளைக் கூட்டி வாருங்கள். ஆனால் பாடம் பெரியவர்களுக்கானது, நடுவில் கதை சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி உண்டு. சங்கப் பாட்டும் பத்திரமும் முழுக்க உட்கார்ந்தபடிதான். ஏற்காட்டில் ஏற்ற இறக்கம் இருக்கிறது, யோசித்து முடிவு செய்யுங்கள்.

சாப்பிட்டதும் தூக்கம் வருமே?

வரும். தமிழ் வாத்தியாருக்கே வருகிறது. அதனால் மதியம் இரண்டு மணிக்கு எப்போதும் கையால் செய்கிற வேலைதான்: வரைவது, எழுத்தைப் பார்த்து எழுதுவது, பத்திரம் படிப்பது.

ஆன்லைனில் நடத்தலாமே?

ஊரடங்கு காலத்தில் நடத்திப் பார்த்தோம். தூணின் இரண்டு பக்கமும் நின்று பார்ப்பதை எப்படி ஆன்லைனில் நடத்துவது?

நான் வெளியூரில் இருக்கிறேன், வர முடியாது. வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் வெளியே எடுங்கள். மடிப்பில் கிழிகிற மாதிரி இருந்தால் ஒரேயடியாக விரிக்காதீர்கள், மேசை மேல் வைத்து மெதுவாக. நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள். பசலி எண்ணைத் தேடி 590 கூட்டுங்கள். சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள், பெரும்பாலும் கைநாட்டுதான் இருக்கும், பக்கத்தில் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள், அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.